மலையில் ஒரு மலிவு எலக்ட்ரிக் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். கிட்டார் என் தொழில் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் யாராவது எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் இரண்டாவது வாரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்துவிடுகிறார்கள். கம்பி ஜிர்ரென்கிறது, சுருதி நிற்கவில்லை, விரல் வலிக்கிறது என்று பெரும்பாலும் அதே புகார்கள்தான். கொடைக்கானலில் இருக்கும் என் நண்பருக்கும் இதே கதை. திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலிவு கிட்டார் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது பாதி கிட்டார்தான். மீதிப் பாதியை ஆலன் கீயும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு நாம்தான் முடிக்க வேண்டும். கீழே கோவையில் இருந்தால் கடைக்காரரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இங்கே அதற்கு ஒரு நாள் லீவும் பஸ் செலவும் ஆகும்.

தம்பி, பையன் எலக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும்?

கிட்டாருக்கு மட்டும் எடுத்து வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். கையில் 20,000 இருந்தால் 13,000 அல்லது 14,000-க்குள் கிட்டாரை முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் ஒரு சின்ன ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி), நல்ல கேபிள், இரண்டு செட் கம்பி, தலையில் கவ்வும் ட்யூனர், மழைக்குத் தாங்கும் பை எல்லாம் வரவேண்டும். வீட்டில் வாசிக்க 10 வாட் ஆம்ப் போதும். அதையே முழுச் சத்தத்தில் வைத்தால் பக்கத்து லயன் வரிசை வீடுகளிலிருந்து ஆள் வந்துவிடும்.

யமஹா பசிஃபிகா வரிசையின் ஆரம்ப மாடல், ஐபனெஸ் ஜியோ, ஃபெண்டரின் மலிவுப் பெயரான ஸ்குவையர், கோர்ட் ஆகியவை தொடங்குகிறவர்களுக்குப் பழகிய பெயர்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை சொல்லவில்லை. கிட்டார், ஆம்ப், பெல்ட், பை, பிக் எல்லாம் ஒரே பெட்டியில் மிகக் குறைந்த விலைக்கு வருகிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். அந்த ஆம்ப் பெரும்பாலும் ரேடியோ மாதிரி கத்தும். அதில் இரண்டு மாதம் வாசித்த பையன் தனக்கு வாசிக்க வராது என்று முடிவு கட்டிவிடுவான்.

ஆன்லைனில் வாங்கலாமா, கீழே போய் வாங்கலாமா?

முடிந்தால் கீழே போங்கள். மலைக்கடைகளில் அதிகம் தொங்குவது அகூஸ்டிக்தான். நீலகிரிக்காரர்களுக்குக் கோவை, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் அல்லது மதுரை. ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மலிவு கிட்டார்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். பெயின்ட் கலர் பிடித்ததை எடுக்காமல் நெக் (கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து) நன்றாக இருப்பதை எடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல், தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கம்பி இழுக்கிற திசையில் மிக லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, அதைத் திருத்தலாம். பம்பரம் முறுக்கியதுபோல் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போனால் திரும்ப வைத்துவிடுங்கள், அதைத் திருத்த முடியாது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) அழுத்தி வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆறு கம்பி, இருபத்தொன்றோ இருபத்திரண்டோ ஃப்ரெட், ஐந்து நிமிட வேலை. ஏதாவது ஒரே இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் அங்கே ஃப்ரெட் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆம்பில் மாட்டி எல்லா நாபையும் சுழற்றுங்கள், ஜாக்கில் கேபிளை லேசாக அசையுங்கள்.

கோவையில் இருக்கும் மச்சானையே காரில் எடுத்து வரச் சொல்கிறீர்கள் என்றால், வெளியூர் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். இல்லாவிட்டால் கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு போன் பண்ணுவார்.

ஆன்லைன்தான் வழி என்றால், பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அது ஒன்றே பாதுகாப்பு.

அண்ணா, எந்த மாடல் வடிவம்? ஆடுகிற பிரிட்ஜ் இருக்கிறதே, அது நல்லதா?

வடிவம் உங்கள் இஷ்டம். கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பும், உடல் பக்கம் கம்பிகள் தங்கும் பிரிட்ஜும்தான் யோசிக்க வேண்டியவை.

ஒற்றைச் சுருள் பிக்கப் பளிச்சென்று கேட்கும், ஆனால் கரண்ட்டின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஹம்பக்கர் என்பது எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள். ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், சத்தம் கனமாக இருக்கும். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டு இடத்தில் ஒற்றைச் சுருள் என்று வரும் கிட்டார்கள் உண்டு. முதல் கிட்டாருக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். கோயில் திருவிழா மேடை, சர்ச் பாட்டு, நண்பர்களோடு மெட்டல், எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

பிரிட்ஜ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். கம்பியைப் பூட்டு போட்டு இறுக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகை முதல் கிட்டாருக்கு வேண்டவே வேண்டாம். மலிவு விலையில் வரும் அந்தப் பூட்டின் உலோகம் மென்மையானது, சீக்கிரம் தேயும். அதோடு ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறும். 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டரில் வந்த சாதாரண ஆடும் பிரிட்ஜ் பரவாயில்லை, ஆனால் அதையும் ஆறு மாதத்துக்கு அசையாமல் கட்டிப்போடுங்கள். கிட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் மாட்டிய ஒரு கொக்கித் தகடும் இரண்டு நீள ஸ்க்ரூவும் தெரியும். பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் போதும். மரத்துண்டு வைத்து அடைக்கிறவர்களும் உண்டு. சுருதிப் புகாரில் பாதி இதிலேயே போய்விடும்.

ஃப்ரெட்போர்டு, அதாவது ஃப்ரெட் பதித்த பலகை, ஈட்டி மரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈட்டி இல்லையென்றால் மட்டமா?

கூடலூர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்வி. கேட்க உரிமையுள்ள ஊர்தான். உலகமெங்கும் கிட்டார் செய்கிறவர்கள் இந்திய ரோஸ்வுட் என்று தேடி வாங்குவது நம் தோதகத்தி என்கிற ஈட்டியைத்தான். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் காகிதம் கேட்டார்கள். மலிவு கிட்டார் செய்கிறவர்கள் வேறு மரத்துக்கு மாறினார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தும் பலர் திரும்பவில்லை. இன்று விளம்பரத்தில் ‘இந்தியன் லாரல்’ என்று போட்டிருந்தால் அது வேறொன்றும் இல்லை, நம் கருமருது. கொஞ்சம் வெளிறிய நிறம், அவ்வளவுதான். விரலுக்கு வித்தியாசம் தெரியாது. காதுக்கும் தெரியும் என்று நான் நம்பவில்லை.

பெட்டி வந்துவிட்டது. உடனே பிரித்து வாசிக்கலாமா?

ஒரு ராத்திரி பொறுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,200. வழியிலேயே வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடும், ஈரப்பதமும் மாறும். மரம் புது இடத்துக்குப் பழகுவதற்கு முன் நெக்கைத் திருகினால் அடுத்த வாரம் திரும்பவும் திருக வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காலையில் திறங்கள். குளிர்ந்த கிட்டாரைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் கண்ணாடியில் படிவதுபோல் அதன்மேலும் நீர் படியும்.

திறந்ததும் முதல் வேலை, கூடவே வந்த கம்பியைக் கழற்றிப் போடுவது. எத்தனை மாதம் கிடங்கில் கிடந்ததோ தெரியாது. 9-42 அளவு புதுக் கம்பி மாட்டுங்கள், புது விரல்களுக்கு அது மென்மை. ஒவ்வொரு கம்பியையும் விரலால் லேசாக மேலே இழுத்து இழுத்து, சுருதி இறங்குவது நிற்கும்வரை திரும்பச் சேருங்கள்.

சரி, செட்டப் என்கிறார்களே. எதில் தொடங்குவது?

வரிசைதான் முக்கியம். ஒன்றைத் தொட்டால் அடுத்தது மாறும், அதனால் பின்னாலிருந்து தொடங்கினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். சுருதி, நெக், கம்பி உயரம், ஸ்வரச் சரிபார்ப்பு, கடைசியில் பிக்கப்.

தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சரியாகச் சுருதி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆறு கம்பியின் இழுப்பு இருக்கும்போதுதான் நெக்கின் உண்மையான வளைவு தெரியும்.

நெக்: தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்கிற கவ்வியைப் போட்டோ இடது கையாலோ அழுத்துங்கள். கடைசி ஃப்ரெட்டை வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோட்டு ஸ்கேல். ஏழு, எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழைகிற அளவு. துல்லியமாக வேண்டுமென்றால் பைக் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் கேளுங்கள். வால்வு இடைவெளி பார்க்க எல்லா மெக்கானிக்கும் வைத்திருப்பார்கள். நான் அப்படி ஒருவரிடம் வாங்கியது, ஐந்து வருஷமாகத் திருப்பித் தரவில்லை.

இடைவெளி அதிகமென்றால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியை வலப்பக்கம் இறுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், அதற்குமேல் கூடாது. திருகிவிட்டுச் சுருதி சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். ஆலன் கீ சரியாகப் பொருந்தவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் நட்டின் முனை மழுங்கினால் அந்தக் கிட்டாரின் கதை முடிந்த மாதிரிதான்.

கம்பி உயரம்: இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். 12-ஆவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 1.6 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில், சேடிலில் இரண்டு பொடி ஸ்க்ரூ இருக்கும். ஜிர்ரென்றால் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆம்பில் கேட்காத ஜிர் சத்தத்தை நான் கண்டுகொள்வதில்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று போகிறவர்கள் கடைசியில் தந்தனா பாடும் கிட்டாரோடு என்னிடம் வருகிறார்கள்.

ஸ்வரச் சரிபார்ப்பு: 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடினால் சேடிலைப் பின்னே, நெக்கை விட்டு விலக்கி நகர்த்துங்கள். குறைந்தால் முன்னே. கூடினால் பின்னே, குறைந்தால் முன்னே. இதை மனப்பாடம் பண்ணிவிட்டால் போதும். பழைய கம்பியில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஜி கம்பியோடு மல்லுக்கட்டினேன். சேடில் ஓடுகிற தூரமெல்லாம் ஓடி முடித்தும் ஸ்வரம் சேரவில்லை. கம்பியின் நடுவில் துரு ஏறியிருந்தது. 40 ரூபாய்க் கம்பியை மாற்றியதும் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

பிக்கப்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் கம்பிக்கும் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டரும் மெல்லிய பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இடைவெளி விடுங்கள். பக்கத்தில் வைத்தால் சத்தம் கூடும் என்று ஏற்றிவிடுகிறார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, ஸ்வரம் தள்ளாடும்.

எல்லாம் செய்தும் திறந்த கார்டு (சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசித்தால் சுருதி பேதமாக இருக்கிறதே?

நட்டைப் பாருங்கள், அதாவது தலைக்கும் நெக்குக்கும் நடுவே கம்பி தங்கும் வெள்ளைத் துண்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின்மேல் கம்பி ஒரு தலைமுடி கனம்தான் தூக்கி நிற்க வேண்டும். மலிவு கிட்டார்களில் அந்தப் பள்ளத்தை ஆழமாக அறுக்காமலேயே அனுப்பிவிடுகிறார்கள். கம்பி உயரமாக நிற்பதால், முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போதே ஸ்வரம் கூடிவிடுகிறது. எஃப் கார்டு வரவில்லை என்று அழுகிற பாதிப் பேருக்குக் காரணம் விரல் அல்ல, நட்டுதான்.

அறுக்க அதற்கென்று அரம் இருக்கிறது, விலை அதிகம். ஹேக்சா பிளேடு வேண்டாம், ஒரு இழுப்பு கூடினாலும் புது நட்டு போட வேண்டியதுதான். கோவைக்கு வேறு வேலையாகப் போகும்போது கொடுத்து அறுத்துக்கொள்ளுங்கள். கம்பி பள்ளத்தில் சிக்கி டிங்கென்று சத்தம் வந்தால் அது வேறு பிரச்சினை. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள், கிராஃபைட் வழுக்கும்.

மழைக்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஊரைப் பொறுத்தது. கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான் சோதனை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பைக்குள் இருக்கும் தோல் பெல்ட்டில் பூசணம் முதலில் வரும், கம்பியில் துரு அடுத்து வரும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது ஒன்றே செலவில்லாத வைத்தியம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பைக்குள் போடலாம். அரிசி வேண்டாம், வண்டு வரும். மேலே படலம் பூசிய கம்பி விலை கூடுதல்தான், ஆனால் நம் ஊருக்குக் கட்டுப்படியாகும்.

நாபைத் திருகும்போது கரகரத்தால் எலக்ட்ரிகல் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள். உள்ளே ஒரு அடி அடித்து நாபை இருபது முறை சுழற்றினால் சரியாகும்.

ஃப்ரெட்போர்டுக்கு நீலகிரி தைலம் தடவலாமா என்றும் கேட்கிறார்கள். வீட்டில் பாட்டில் பாட்டிலாக இருக்கிறதே என்ற ஆசைதான். அது ஆவியாகிப் போய்விடும், மரத்தில் எண்ணெயாக நிற்காது. விலைச் சீட்டு ஒட்டிய பசையை எடுக்க வேண்டுமானால் துணியில் ஒரு சொட்டு விட்டு, முதலில் பின்பக்க ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள்.

ஜனவரியில் ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறது. கம்பெனிக் குறையா?

பனிக்காலத்து வறட்சி. மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் ஃப்ரெட் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். அறையில் ஹீட்டரோ கணப்போ போட்டால் காற்று இன்னும் காயும். கிட்டாரை அதன் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள். மரத்துக்கு டேப் ஒட்டிப் பாதுகாத்துவிட்டு, பொடி அரத்தால் நீட்டிய முனையை மட்டும் மெல்லத் தேயுங்கள். ஒருமுறை செய்தால் அடுத்த பனிக்கும் தாங்கும்.

அதேபோல், வீட்டில் சுருதி சேர்த்துக் குளிர்ந்த சர்ச்சுக்குள் போனதும் எல்லாக் கம்பியும் கூடியிருப்பதாகச் சொல்வார்கள். கம்பி குளிர்ந்து சுருங்கியதுதான். போய்ப் பத்து நிமிஷம் கழித்துச் சேருங்கள்.

ஆம்பிலிருந்து ‘ங்ங்ங்’ என்று வருகிறது. கம்பியைத் தொட்டால் நிற்கிறது. ஷாக் அடிக்குமா?

இரண்டு நிலைமை இருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

கம்பியைத் தொட்டதும் ரீங்காரம் குறைந்தால் கிட்டாரின் வயரிங் சரியாகத்தான் இருக்கிறது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன, உங்கள் உடம்பு பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம் அதில் இறங்கிவிடுகிறது. ஸ்டெபிலைசர், டியூப் லைட், போன் சார்ஜர் ஆகியவற்றிலிருந்து விலகி உட்காருங்கள்.

தொட்டால் சுர்ரென்று கடித்தாலோ, தொடும்போது சத்தம் கூடினாலோ உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய லயன் வீடுகளிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டையில் வயரே இருக்காது. எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுகிற பழக்கமும் உண்டு. கிட்டார்க் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கிற ஆளுக்கு இது விளையாட்டில்லை. மைக்கும் ஆம்பும் வேறு வேறு சாக்கெட்டில் இருந்தால் உதடு மைக்கில் பட்டதும் அடிக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடும்வரை பேட்டரி ஆம்பில் வாசியுங்கள். கரண்ட் போன ராத்திரிகளுக்கும் அது உதவும்.

சர்ச் மிக்சரில் நேரடியாக மாட்டலாமா? வீட்டு ஹோம் தியேட்டரில்?

மாட்டலாம், நன்றாக இருக்காது. கிட்டார் பிக்கப் எதிர்பார்க்கிற இன்புட்டும் அந்தக் கருவிகளில் இருக்கிற இன்புட்டும் வேறு. நேரே மாட்டினால் சத்தம் போர்வைக்குள் பேசுவதுபோல் மங்கும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் நடுவில் வைத்தால் குளவிக்கூடு. ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலிசெய்யும் சின்ன மல்டி எஃபெக்ட் இருந்தால் மிக்சரில் தாராளமாக மாட்டலாம். சுத்தமான ஒலிக்கு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்று போதும்.

பழைய கிட்டார் வாங்கலாமா?

தாராளமாக. விடுதிப் பள்ளிகள் நிறைய உள்ள மலை இது. படிப்பு முடித்துக் கிளம்புகிறவர்கள் மார்ச், ஏப்ரலில் விற்றுவிட்டுப் போவார்கள். டிரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா, தலை முறிந்து ஒட்டிய கோடு தெரிகிறதா, முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பள்ளம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செட்டப்பை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

நான் வருஷத்துக்கு இரண்டு முறை தொடுகிறேன், பனி முடிந்து ஒன்று, மழை முடிந்து ஒன்று. ஈரத்தில் பெரும்பாலான நெக் முன்னால் வளைந்து கம்பி உயரும், வறட்சியில் நிமிர்ந்து ஜிர்ரென்னும். சில நெக் எதிர்மாறாகவும் நடக்கும், அதனால்தான் அளந்ததை எழுதி வைக்கச் சொல்கிறேன். என் கிட்டார் பையில் ஒரு மடித்த காகிதம் இருக்கிறது. தேதி, நெக் இடைவெளி, கம்பி உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு திருகினேன் என்று நான்கே விவரம். கடைசி வரியில், ‘கால் சுற்று இடம், ஜிர் போச்சு’ என்று பிப்ரவரியில் எழுதியது இருக்கிறது.